படத்தோடு ஒரு கடிதமும் போகட்டும்

மலையகத்தின் இளம் ஓவியர்களுக்கு,

ஹட்டனிலிருந்தும் மஸ்கெலியாவிலிருந்தும் நுவரெலியாவிலிருந்தும் உங்கள் படங்கள் கொழும்புக்குப் போகத் தொடங்கிவிட்டன. தேயிலைப் பைகளையும் தேநீர்க் கறையையும் கொண்டு ஹனுஷா சோமசுந்தரம் ஆக்கிய படைப்புகளைப் பார்த்தவர்கள், தோட்டத்து வாழ்க்கையைத் தோட்டத்துப் பொருளைக் கொண்டே பேச முடியும் என்று கண்டுகொண்டார்கள். உங்களில் இன்னும் பலர் லயத்தையும் மலைப்பாதையையும் கொழுந்துக் கூடையையும் தத்தம் கண்ணால் பார்த்து வரைந்துகொண்டிருக்கிறீர்கள். வாங்க ஆள் வருகிறது. விற்றுத் தரவும் ஆள் வருகிறது. இந்த நேரத்தில் ஒன்றை உங்களிடம் நேரே சொல்லியாக வேண்டும் என்றுதான் இந்த மடல். படத்தை விற்றுத் தருபவரோடு நீங்கள் வைத்துக்கொள்ளும் கொடுக்கல் வாங்கல் முழுவதும் எழுத்தில் நடக்க வேண்டும். நீங்கள் எழுதியதன் பிரதியும் அவர் எழுதியதன் மூலமும் உங்கள் கையில் இருக்க வேண்டும். தொலைபேசியில் பேசியதை நம்பிப் படத்தைக் கொடுத்தனுப்பும் வழக்கத்தை விட்டுவிடுங்கள்.

இதற்கான சான்றுகளைப் பெரும்பாலும் புலம்பெயர்ந்த ஓவியர்களின் கதையிலிருந்து எடுக்கிறேன். நாங்கள் புலம்பெயர்ந்தவர்கள் அல்லவே என்று நீங்கள் கேட்பீர்கள், கேட்கத்தான் வேண்டும். தோட்ட வேலைக்கு உங்கள் முன்னோர் வந்ததோடு 1823இல் தொடங்கிய கதைக்கு 2023இல் 200 ஆண்டு நிறைந்தபோது, தலைமன்னாரிலிருந்து மாத்தளை வரை நடந்தே வந்து இந்த மண்ணில் தமக்குள்ள உரிமையை உங்கள் மக்கள் சொன்னார்கள். அதில் எனக்கு மறுபேச்சே இல்லை. ஆனால் அந்நிய நகரத்தில் ஓர் ஓவியரை வணிகரின் தயவில் கொண்டுபோய் நிறுத்துவது எது என்று பாருங்கள். வாங்குகிறவர் யாரென்று ஓவியருக்குத் தெரியாது. பேரம் நடக்கும் மொழி ஓவியரின் மொழியாக இராது. அரசாங்கக் காகிதம் அவர் பக்கம் இல்லை, இருந்தாலும் அரைகுறையாக இருக்கும். இந்த மூன்றும் இன்றைக்கு ஹட்டனில் இருக்கும் ஓவியருக்கும் பொருந்துகின்றன. பிறந்த மண்ணிலேயே இருந்துகொண்டு வெளியாளின் நிலையில் நின்று பேரம் பேச வேண்டியிருப்பது உங்களுக்கு இழைக்கப்பட்ட அநீதி. அந்த நிலையில் முன்பு நின்றவர்கள் எதனால் தப்பினார்கள், எதனால் மாட்டிக்கொண்டார்கள் என்று தெரிந்துகொள்வது உங்களுக்கு உதவும்.

ஓவியர் ஹுவான் கிரிஸை எடுத்துக்கொள்ளுங்கள். மட்ரிட் நகரில் 1887இல் பிறந்தவர், 1906இல் பாரிஸுக்கு வந்தார். சொந்த நாட்டின் கட்டாய இராணுவ சேவையைச் செய்யாமல் வந்ததால் அவருக்குக் கடவுச்சீட்டு கிடைக்கவில்லை. ஊருக்குத் திரும்பவும் வழியில்லை, வேறு நாட்டுக்குப் போகவும் வழியில்லை. 1948ஆம் ஆண்டின் குடியுரிமைச் சட்டமும் 1964இன் சிறிமா–சாஸ்திரி ஒப்பந்தமும் ஒரு சந்ததியை என்ன பாடுபடுத்தின என்று வீட்டில் கேட்டு வளர்ந்தவர்கள் நீங்கள். காகிதமில்லாத மனிதரின் பயத்தை உங்களுக்கு விளக்கத் தேவையில்லை. கிரிஸ் மொன்மார்த்ர் குன்றில், ஏழைக் கலைஞர்கள் ஒண்டியிருந்த பழைய கட்டடமொன்றில் பிக்காஸோவுக்கு அயலில் குடியிருந்தார்; பத்திரிகைகளுக்குக் கேலிச்சித்திரம் வரைந்து வயிற்றைக் கழுவினார். பிறகு டானியல்-ஹென்றி கான்வைலர் என்ற ஓவிய வணிகர் அவர் வரைவதையெல்லாம் தாமே வாங்கிக்கொள்வதாக ஒப்பந்தம் செய்தார். கான்வைலரும் ஜெர்மனியிலிருந்து வந்து பாரிஸில் கடை போட்டவர்தான். 1927இல் கிரிஸ் நாற்பது வயதில் இறக்கும்வரை எழுதிய கடிதங்கள், கான்வைலர் சேர்த்துவைத்தவை, 1956இல் நூலாக வெளிவந்தன.

அந்தக் கடிதப் போக்குவரத்தில் உங்களுக்குப் பாடமாக இருப்பது போர்க்காலப் பகுதி. 1914 கோடையில் கிரிஸ் பிரான்ஸின் தெற்கே கொலியூர் என்ற கடற்கரை ஊரில் இருந்தார். போர் வெடித்தபோது கான்வைலர் இத்தாலியில் இருந்தார். ஜெர்மன் குடிமகன் என்பதால் பிரான்ஸுக்குள் வர முடியாமல் சுவிட்சர்லாந்துக்குப் போய்த் தங்கினார். பாரிஸில் அவர் விட்டுவந்த படங்கள் எதிரி நாட்டவரின் சொத்து என்று அரசால் பறிமுதல் செய்யப்பட்டன. கிரிஸ் நம்பியிருந்த பணம் நின்றது. ஓவியர் மத்திஸ் அவருக்காக ஆள் ஆளாகப் பார்த்துப் பேசினார். அமெரிக்க எழுத்தாளர் கெர்ட்ரூட் ஸ்டைன் உதவ முன்வந்தார். ஆனால் படங்களுக்கு ஈடாக வேறொருவரிடம் பணம் வாங்கினால் கான்வைலரோடு செய்த ஒப்பந்தத்துக்கு அது முரணாகும் என்ற சிக்கல் எழுந்தது. ஏற்பாடு குலைந்தது, ஸ்டைனோடு இருந்த நட்பும் சில காலம் அறுந்தது. வாங்குவதாக ஒப்புக்கொண்டவரால் பணம் அனுப்ப முடியவில்லை, பணம் தரத் தயாராக இருந்தவருக்குக் கொடுக்க ஓவியருக்கு உரிமையில்லை. 1915இல் கான்வைலர் ஒப்பந்தத்தைத் தளர்த்திய பிறகே லெயோன்ஸ் ரோசன்பெர்க் என்ற வேறு வணிகரிடம் கிரிஸ் போக முடிந்தது.

எழுத்துத்தானே அவரைக் கட்டிப்போட்டது, அப்படியிருக்க எங்களை எழுதச் சொல்கிறீர்களே என்று இந்த இடத்தில் நீங்கள் என்னை மடக்கலாம். அந்தக் கேள்வி நியாயமானது, அதை ஒதுக்கிவிட்டு மேலே போக மாட்டேன். எழுத்து இரண்டு பக்கத்தையும் கட்டும். அதனால்தான் என்ன எழுதுவது என்பதில் கவனம் வேண்டும். இத்தனை மாதம் பணம் வராவிட்டால் ஓவியர் தன் வழியைப் பார்த்துக்கொள்ளலாம் என்ற ஒரு வரி தெளிவாக இருந்திருந்தால், குடும்பத்தோடு பட்டினியை எதிர்நோக்கியிருந்த ஒரு மனிதர் நாடு விட்டு நாடு எழுதி அனுமதிக்குக் காத்திருக்க வேண்டி வந்திராது. இன்னொன்றையும் கவனியுங்கள். போர் முடிந்து 1920இல் கான்வைலர் பாரிஸில் மறுபடி கடை திறந்தபோது கிரிஸ் அவரிடமே திரும்பினார். கடைசிவரை அவர்கள் நண்பர்கள். இடையில் எழுந்த மனக்கசப்பு, கோபம், கணக்கு எல்லாம் எழுத்தில் பேசித் தீர்க்கப்பட்டதால் உறவு பிழைத்தது என்றே நான் நினைக்கிறேன். வாய்ப்பேச்சில் வந்த கசப்பு மனதில் தங்கி வளர்வதுதான் வழக்கம்.

பிக்காஸோ இந்த விஷயத்தில் முன்யோசனை உள்ளவர். அவரும் பாரிஸில் அந்நியர்; பிரெஞ்சுப் பொலிஸார் அவருக்கென்று கோப்பு வைத்திருந்தார்கள், 1940இல் அவர் கேட்ட குடியுரிமை மறுக்கப்பட்டது. 1912 டிசம்பர் 18ஆம் திகதி கான்வைலருக்கு ஒரு கடிதம் எழுதினார். மூன்று ஆண்டுக்குத் தம் படங்களை அவருக்கே விற்பதாக அதில் ஒப்புக்கொண்டார். விலையைத் துணியின் அளவு வாரியாக வரி வரியாக எழுதினார். ஆண்டுக்கு ஐந்து ஓவியங்கள் வரை தமக்கென வைத்துக்கொள்வதாக எழுதினார். உருவப்படத்துக்கோ பெரிய சுவர் அலங்காரத்துக்கோ யாரும் தம்மிடம் நேரே சொன்னால் அது இந்த உடன்பாட்டில் அடங்காது என்று எழுதினார். ஒரு படம் முடிந்துவிட்டதா இல்லையா என்பதைத் தாமே தீர்மானிப்பார் என்றும் எழுதினார். இந்தக் கடைசி வரியைத் தயவுசெய்து மனதில் வையுங்கள். பின்னணியில் கொஞ்சம் பச்சை கூட்டிக் கொடுங்கள், மலையை இன்னும் அழகாக்குங்கள், கொழுந்து பறிப்பவரின் முகத்தில் சிரிப்பு வையுங்கள் என்று கேட்கும் வணிகருக்குச் சண்டை பிடிக்காமல் பதில் சொல்ல அந்த ஒரு வரி போதும்.

பறிமுதலான படங்களின் கதையும் உங்களுக்கு வேண்டியதே. கான்வைலரின் இருப்பிலிருந்த நூற்றுக்கணக்கான படங்களை 1921 முதல் 1923 வரை பிரெஞ்சு அரசு ஏலம் போட்டுத் தள்ளியது. அவை பெரும்பாலும் அவர் காசு கொடுத்து வாங்கியவை, ஆகவே அவர் சொத்து என்று போய்விட்டன. உங்கள் நிலை வேறு. நீங்கள் படத்தை விற்றுவிடுவதில்லை, விற்றுத் தரும்படி கொடுத்து வைக்கிறீர்கள். கொடுத்து வைத்த படம் விற்கும்வரை உங்களுடையது. ஆனால் அந்தக் கடை நாளைக்குக் கடனில் மூழ்கினால், உரிமையாளர் இறந்துபோய்ப் பிள்ளைகள் சொத்தைப் பிரித்தால், சுவரில் தொங்கும் அந்தப் படம் உங்களுடையது என்று காட்ட உங்களிடம் என்ன இருக்கிறது? கையொப்பமிட்ட ஒரு தாள் இருந்தால் அதைக் காட்டலாம். இல்லையென்றால் படத்தின் மூலையில் உள்ள உங்கள் பெயர் வரைந்தவர் யார் என்பதைச் சொல்லுமே தவிர, அது யாருக்குச் சொந்தம் என்பதைச் சொல்லாது.

தோட்டத்தில் பிறந்தவர்களுக்கு இதைச் சொல்ல ஐரோப்பா வரை போயிருக்க வேண்டியதில்லை. கொழுந்து மடுவத்தில் தராசில் சாக்கைத் தொங்கவிடும்போது, முள் ஆடி நிற்கும் முன்பே கணக்கப்பிள்ளை ஒரு எண்ணைச் சொல்லி எழுதிக்கொள்வதை நீங்கள் சிறு வயதிலிருந்தே பார்த்திருப்பீர்கள். ஈரத்துக்கு இவ்வளவு, சாக்குக்கு இவ்வளவு என்று கழிப்பதையும் பார்த்திருப்பீர்கள். நிறை குறைந்தால் அரைப்பேர், அதாவது அரைநாள் சம்பளம். மழையில் மலையேறிப் பறித்தவரிடம் தமக்கென்று எழுதிவைத்த கணக்கு இருப்பதில்லை. மாத முடிவில் செக்ரோல் என்ற தோட்டப் பதிவேட்டில் உள்ளதுதான் பேசும். அதற்கும் முந்திய தலைமுறைகளில் துண்டு முறை இருந்தது. தொழிலாளி ஒரு தோட்டத்தை விட்டு இன்னொன்றுக்குப் போக வேண்டுமானால், அவர் பேரில் இவ்வளவு கடன் இருக்கிறது என்று எழுதிய சீட்டைத் துரையிடம் பெற வேண்டும். கடன் எப்படி ஏறியது என்பது கங்காணியின் கணக்கில் இருக்கும். 1921இல் சட்டம் போட்டுத்தான் அதை ஒழித்தார்கள். எழுத்து இல்லாததால் உங்கள் முன்னோர் ஏமாந்தார்கள் என்பது முழு உண்மை அல்ல. எழுத்து இருந்தது, ஏராளமாக இருந்தது. அத்தனையும் மறுபக்கத்தின் கையில் இருந்தது. படம் வரைகிற நீங்களும் அதே இடத்தில் போய் நிற்கலாமா?

கொழும்பில் உங்கள் படங்களை வைத்து விற்பவர்கள் கங்காணிமார் என்று நான் சொல்ல வரவில்லை. உங்களை மதித்து, உங்கள் வேலைக்கு நல்ல விலை வாங்கித் தரப் பாடுபடுகிறவர்கள் அவர்களில் இருக்கிறார்கள். வாடகை, விளக்கு, அச்சு, விருந்தாளி என்று அவர்களுக்குச் செலவு உண்டு, அதற்காக அவர்கள் கொமிஷன் எடுப்பதும் நியாயம். வணிகரை நம்பியிராமல் சென்னைக்கு அருகே 1966இல் சோழமண்டலம் கலைஞர் கிராமத்தை அமைத்தவர்கள் கைவினைப் பொருள் செய்து விற்ற பணத்தில் நிலம் வாங்கினார்கள். அந்த வழி பெரியது, ஆனால் எல்லோருக்கும் உடனே திறப்பதல்ல. வணிகரோடு வேலை செய்யுங்கள். எழுதிக்கொண்டு செய்யுங்கள்.

எழுதிக் கேட்டால் நம்பவில்லை என்று நினைத்துவிடுவாரே என்ற தயக்கம் உங்களில் மிகப் பலருக்கு உண்டு. நம் ஊர்ப்பக்கத்துப் பண்பு அது. அதைக் குறைத்துப் பேச மாட்டேன். ஆனால் வின்சென்ட் வான் கோவின் கதையில் வணிகர் வேறு யாருமல்ல, சொந்தத் தம்பி தேயோ. நெதர்லாந்திலிருந்து வந்து பாரிஸில் புகழ்பெற்ற ஓவிய வணிக நிறுவனமொன்றில் வேலை பார்த்தவர். அண்ணனுக்கு மாதாமாதம் பணம் அனுப்பிவந்தார். அந்தப் பணத்தைத் தர்மமாக வாங்க மனமில்லாமல், இனி என் படங்கள் உன்னுடையவை, நீ தருவது நான் உழைத்துச் சம்பாதித்த பணம் என்று கொள்ளலாம் என்ற கருத்தில் 1884இல் வின்சென்ட் அவருக்கு எழுதினார். ஒரே வயிற்றில் பிறந்தவர்களுக்கே அது எழுத்தில் வேண்டியிருந்தது. அதனால் அன்பு குறையவில்லை. வாங்குகிறவருக்குத் தலைநிமிர்ந்து வாங்க முடிந்தது. அதே கதையில் ஒரு இழப்பும் உண்டு. வின்சென்ட் எழுதிய கடிதங்களில் 800க்கு மேல் இன்று இருக்கின்றன. தேயோ அவருக்கு எழுதியவற்றில் நாற்பது அளவுதான் மிஞ்சின. தம்பி பத்திரப்படுத்தினார், அண்ணன் பத்திரப்படுத்தவில்லை. அண்ணன் இறந்து ஆறு மாதத்தில் தம்பியும் இறந்துவிட, தேயோவின் மனைவி ஜொஹானா அந்தக் கட்டுகளைக் காத்து 1914இல் அச்சேற்றினார். உலகம் இன்று வின்சென்டை அறிந்திருப்பதில் பாதி அந்தக் கடிதங்களால். வணிகர் பக்கத்தில் ஒரு ஜொஹானா இருந்தது அவருடைய அதிர்ஷ்டம். உங்களுடையதை நீங்களே காக்க வேண்டும்.

வணிகரின் பேரேட்டில் எல்லாம் இருக்கிறது, கேட்டால் காட்டுவார் என்று இருந்துவிடவும் கூடாது. மார்க் ரொத்கோ இன்றைய லாட்வியாவில் 1903இல் பிறந்து பத்து வயதில் அமெரிக்காவுக்கு வந்தவர். 1970இல் அவர் இறந்தபோது 798 படங்களை விட்டுச்சென்றார். அவர் சொத்தைப் பார்த்துக்கொள்ள வேண்டியவர்கள் அந்தப் படங்களை மார்ல்பரோ என்ற பெரிய கலைக்கூடத்துக்கு மிக மலிவாக விட்டுக்கொடுத்தார்கள். அவர்களில் ஒருவர் அந்தக் கூடத்திலேயே பதவியில் இருந்தவர். ரொத்கோவின் மகள், இருபதைத் தாண்டியும் தாண்டாத வயதில், 1971இல் வழக்குப் போட்டார். 1975இல் தீர்ப்பு அவர் பக்கம் வந்தது. விற்காமல் எஞ்சியிருந்த படங்கள் திரும்பின. அந்த வழக்கு முழுவதும் ஒப்பந்தம், ரசீது, இருப்புப் புத்தகம் என்று காகிதத்தின் மேல்தான் நடந்தது. இருப்புப் புத்தகத்தைத் திருத்தியதாக, சான்றைக் குலைத்த குற்றத்துக்கு, கலைக்கூடத்தின் தலைவர் 1983இல் தண்டிக்கப்பட்டார். உலகப் புகழ் பெற்ற ஓவியருக்கு, நியூயோர்க்கில், சட்டத்தரணிகள் சூழ்ந்திருந்தும் இது நடந்தது. ஹட்டனிலிருந்து மூன்று படம் அனுப்பிவிட்டு ஒரு தாளும் இல்லாமல் இருப்பவருக்கு யார் துணை?

மொழி தெரியாதே என்பீர்கள். கிரிஸ் கான்வைலருக்கு எழுதியது தாய்மொழியல்லாத பிரெஞ்சில். நீங்கள் அவ்வளவு சிரமப்படவும் தேவையில்லை. தமிழ் இந்த நாட்டின் ஆட்சிமொழிகளில் ஒன்று. தமிழில் எழுதுங்கள். ஆங்கிலத்திலோ சிங்களத்திலோ ஒரு தாளை நீட்டினால், தமிழில் தந்தால் படித்துவிட்டுக் கையொப்பமிடுகிறேன் என்று சொல்ல உங்களுக்கு முழு உரிமை உண்டு. அழகான நடை வேண்டாம். “கொழுந்து மடுவம், எண்ணெய் வண்ணம், மூன்று அடிக்கு இரண்டு அடி. இதை விற்பனைக்காக உங்களிடம் கொடுத்து வைக்கிறேன். விற்கும்வரை படம் என்னுடையது. நாம் பேசிய விலை இவ்வளவு, உங்கள் கொமிஷன் இவ்வளவு. படச்சட்டச் செலவும் கொண்டுபோகும் செலவும் உங்களைச் சேர்ந்தவை. விற்ற முப்பது நாளில் பணம் தர வேண்டும், வாங்கியவர் யார் என்றும் எனக்குச் சொல்ல வேண்டும். ஆறு மாதத்தில் விற்காவிட்டால் உங்கள் செலவில் திருப்பி அனுப்ப வேண்டும். பணம் தாமதித்தால் மற்றப் படங்களை வேறிடத்தில் கொடுக்க எனக்கு உரிமை உண்டு. படத்தை அச்சிடும் உரிமை என்னிடமே இருக்கிறது.” இவ்வளவுதான். பத்தாம் வகுப்புத் தமிழ் போதும்.

இவற்றில் அச்சிடும் உரிமை, வாங்கியவர் பெயர் என்ற இரண்டு விஷயங்களுக்குக் காரணம் சொல்ல வேண்டும். நீங்கள் வரைந்த கொழுந்து பறிக்கும் பெண் தேயிலைப் பெட்டியின் மேலும் ஹோட்டல் நாட்காட்டியிலும் ஏறக்கூடும். மலையகத்தைப் பொறுத்தவரை இது வெறும் கற்பனைப் பயம் அல்ல, அந்த உருவத்தை வைத்துத்தான் இந்த நாட்டுத் தேயிலை உலகெங்கும் விளம்பரமாகியிருக்கிறது. 2003ஆம் ஆண்டின் 36ஆம் இலக்கப் புலமைச் சொத்துச் சட்டப்படி படத்தை வாங்கியவருக்குப் படம் மட்டுமே சொந்தம். அதை அச்சிட்டுப் பெருக்கும் உரிமை, எழுத்தில் மாற்றிக் கொடுக்காதவரை, வரைந்தவரிடமே இருக்கிறது. அவர் காலத்துக்குப் பிறகும் எழுபது ஆண்டு அவர் வாரிசுகளிடம் இருக்கிறது. வாங்கியவரின் பெயர் தெரிய வேண்டும் என்பதற்கும் காரணம் உண்டு. நாளைக்குக் கண்காட்சிக்குப் படத்தை இரவல் கேட்கவும், போலி வந்தால் மறுக்கவும் அது வேண்டும். பிரான்ஸில் 1920 முதலும் இந்தியச் சட்டத்தில் பின்னரும், படம் கைமாறி விலை ஏறும்போது ஓவியருக்கு ஒரு பங்கு என்ற ஏற்பாடு இருக்கிறது. அப்படியொன்று உங்கள் கைக்கு எட்டும் நாளில், படம் எங்கே இருக்கிறது என்று தெரியாதவரால் எதையும் கேட்க முடியாது.

வட்ஸ்அப்பில் எல்லாம் இருக்கிறது என்பவர்களுக்கு ஒரு வார்த்தை. குரல் பதிவை மட்டும் நம்பியிருக்க வேண்டாம். எழுதி அனுப்புங்கள், அதைத் தாளில் அச்செடுத்துத் திகதி போட்டு வையுங்கள். தொலைபேசி உடையும், தொலையும், எண் மாறும்.

கடிதம் என்றதும் முகவரி என்ற கேள்வி எழும் என்பதை அறிவேன். லயத்து வீட்டுக்கென்று தனி முகவரி இல்லாமல், தோட்டத்தின் பெயரில் வந்து, தோட்ட அலுவலகத்தின் வழியாகக் கைக்கு வரும் தபாலை நம்பி எத்தனை நேர்முகத் தேர்வுகளும் எத்தனை அரசாங்க அறிவித்தல்களும் தவறிப்போயின என்று மலையகத்தில் எந்தக் குடும்பத்தைக் கேட்டாலும் சொல்லும். வீட்டு முகவரி அடிப்படை உரிமை. அதற்கான போராட்டம் தனி. அதுவரைக்கும் ஒரு படக்கடிதம் தொலையக் காத்திருக்க வேண்டாம். நகரத்தில் நம்பிக்கையான ஒரு முகவரியையோ தபாலகத்தில் ஒரு தபால் பெட்டியையோ சிலர் சேர்ந்து எடுத்துக்கொள்ளலாம். 2023இல் நுவரெலியாவின் பழைய செங்கல் தபாலகத்தை ஹோட்டலுக்குக் கொடுக்கப் போகிறார்கள் என்றபோது தபால் ஊழியர்கள் வேலைநிறுத்தம் செய்து எதிர்த்தார்கள். அந்தக் கட்டடம் தபாலகமாகவே இருக்க வேண்டும் என்று விரும்புகிறவர்கள் அதைப் பயன்படுத்தவும் வேண்டும். பதிவுத் தபாலில் அனுப்புங்கள், சீட்டைக் கடிதப் பிரதியோடு ஒட்டி வையுங்கள்.

பணத்தைத் தாண்டியும் இதில் ஒன்று இருக்கிறது. மலையகத்தைப் பற்றித் துரைமாரின் நாட்குறிப்புகள் இருக்கின்றன, அரசாங்க நிர்வாக அறிக்கைகள் இருக்கின்றன, கம்பனிகளின் கணக்குகள் இருக்கின்றன. தொழிலாளி தன் கையால் எழுதியவை மிகக் குறைவு. உங்கள் கடிதங்கள் அந்தக் குறையைக் கொஞ்சமாவது நிரப்பும். எந்தப் படத்துக்கு எந்த நிறத்தை எதற்காகத் தேர்ந்தீர்கள், எந்த விலையில் மனம் ஒப்பவில்லை, எந்தத் திருத்தத்தை மறுத்தீர்கள் என்பதெல்லாம் வணிகருக்கு எழுதும் சாதாரணக் கடிதத்தில்தான் உண்மையாகப் பதிவாகும். கண்காட்சிக் கையேட்டில் வேறொருவர் உங்களைப் பற்றி எழுதும் அறிமுகத்தில் அது வராது.

எஞ்சியிருப்பது பெரிய எதிர்வாதம். தனியாக நின்று நான் இப்படியெல்லாம் கேட்டால், வணிகர் என்னை விட்டுவிட்டு இதையெல்லாம் கேட்காத இன்னொருவரிடம் போய்விடுவாரே என்பது. அந்தப் பயம் சரியானது. தனியாகக் கேட்டால் அப்படித்தான் நடக்கும். ஆகவே தனியாகக் கேட்காதீர்கள். தொழிற்சங்கம் பிறந்த மண்ணில் இதைச் சொல்லித்தர வேண்டியதில்லை, கோ. நடேசய்யர் ஹட்டனில் சங்கம் அமைத்தது 1931இல். சங்கம் வைக்கச் சொல்லவில்லை, பதிவு, சந்தா, தலைவர் எதுவும் வேண்டாம். ஒரே ஒரு மாதிரிக் கடிதம் உங்கள் எல்லோருக்கும் பொதுவாக இருந்தால் போதும்.

ஆகவே உங்களிடம் கேட்பது இது. நுவரெலியா, ஹட்டன், தலவாக்கலை, பதுளைப் பக்கத்திலிருந்து உங்களில் ஐந்தாறு பேர் அடுத்த மாதத்துக்குள் ஒரு நாள் கூடுங்கள். மேலே எழுதிய மாதிரியை அடித்துத் திருத்தி உங்களுக்கு ஏற்றபடி தமிழில் ஒரு பக்கத்துக்கு எழுதுங்கள். ஒரு சட்டத்தரணியிடம் காட்டி ஓட்டை இருந்தால் அடையுங்கள். வரைகிற எல்லோருக்கும், பாடசாலைச் சித்திர ஆசிரியர்களுக்கும், யாழ்ப்பாணத்திலும் மட்டக்களப்பிலும் கலை படிக்கப் போயிருக்கும் மலையகப் பிள்ளைகளுக்கும் அதைக் கொடுங்கள். இனி எந்தப் படம் உங்கள் கையை விட்டுப் போனாலும் அந்தக் கடிதத்தின் இரண்டு பிரதிகள் கூடப் போகட்டும். ஒன்று வணிகரின் கையொப்பத்தோடு உங்களிடம் திரும்பி வரட்டும். ஒருவருக்கு அவர் கையொப்பமிட மறுத்தால், அதைவிடக் குறைந்த உடன்பாட்டுக்கு மற்றவர்கள் சம்மதிக்க வேண்டாம். சேர்ந்த கடிதங்களை ஆண்டுக்கொரு முறை படமெடுத்து நூலகம் நிறுவனம் போன்ற எண்ணிம ஆவணகத்திலோ, கம்பளைப் பக்கத்தில் தேயிலைத் தோட்டத் தொழிலாளருக்கென இருக்கும் அருங்காட்சியகத்திலோ ஒரு தொகுதி வைக்கக் கேட்டுப் பாருங்கள். விலையை வெளியே காட்ட விரும்பாதவர்கள் அந்த வரியை மறைத்துக் கொடுக்கலாம். ஏற்கெனவே தாளில்லாமல் கொழும்பில் கிடக்கும் படங்களுக்கும் இது பொருந்தும்: எந்தப் படம், எந்த மாதம் கொடுத்தது, இன்னும் விற்கவில்லையா, விற்றிருந்தால் எவ்வளவுக்கு என்று மரியாதையாக ஒரு கடிதம் இந்த வாரமே எழுதிப் பதிவுத் தபாலில் போடுங்கள்.

அன்புடன்,
நுவரெலியாவிலிருந்து, உங்கள் படங்களைத் தொடர்ந்து பார்த்துவரும் ஒருவர்